ஷேடு கார்டில் இல்லாத குட்டிகள்

கோயம்புத்தூர்ப் பக்கத்து ராயபுரத்தில் மகுடேஸ்வரனுக்குக் கீழ்த்தளத்தில் பனியன் கம்பெனி, மாடியில் வீடு. அவருக்கு எதைப் பார்த்தாலும் பனியன் ஞாபகம்தான். தோசை கோணலாக வந்தால், "கட்டிங் சரியில்லை" என்பார். மகள் நித்யஸ்ரீக்கு மார்க் குறைந்தால், "இந்தச் சரக்கு லாட் தேறாது" என்பார். நல்ல மனிதர்தான். ஆனால் நாய்க்குட்டிக்கும் பனியன் மாதிரியே ஆர்டர் எடுத்தார் பாருங்கள், அதுதான் வம்பாகிவிட்டது.

அவர்கள் வீட்டு நாயின் பெயர் பஞ்சு. லேப்ரடாரும் பூடிலும் கலந்த இனம். உடம்பெல்லாம் சுருள் சுருளாக வெண்ணெய் நிற முடி. பார்த்தவர்கள் எல்லாரும், "இதே மாதிரி எங்களுக்கும் ஒண்ணு வேணுமுங்க" என்றார்கள். கோயம்புத்தூரில் இருந்த நண்பர் சுரேஷிடமும் இதே கலப்பில், இதே நிறத்தில் ஒரு ஆண் நாய் இருந்தது. நித்யஸ்ரீயின் அப்பா அதோடு பஞ்சுவை ஜோடி சேர்த்தார்.

பஞ்சு சினையானதும் அவர் ஷேடு கார்டைக் கையில் எடுத்துவிட்டார். துணியில் என்னென்ன நிறம் உண்டு என்று காட்ட, சின்னச் சின்னத் துண்டுகளை வரிசையாக ஒட்டி வைத்திருக்கும் அட்டை அது.

குன்னத்தூரிலிருந்து குட்டி கேட்டு வந்த சித்ராதேவிக்கு அதில் ஒரு துண்டைத் தொட்டுக் காட்டினார். "இந்த கிரீம்தானுங்க. இம்மிகூட மாறாது. நான் வாக்குக் குடுத்தா குடுத்ததுதான்."

சித்ராதேவி போனதும் நித்யஸ்ரீ கேட்டாள். "அப்பா, குட்டி என்ன சாயப் பட்டறையில இருந்தா வருது?"

"அப்பனும் ஆத்தாளும் ஒரே கலரு. குட்டி மட்டும் எப்படி அம்மிணி மாறும்?" என்றார் அப்பா.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். மிஷின்கள் ஓடவில்லை. தெருவே அமைதியாக இருந்தது. வீட்டுப் பின்பக்கத்து அறையில், மெத்தென்ற பனியன் துணிக் குவியலில் பஞ்சு படுத்து மூச்சு வாங்கியது. அப்பா கால்நடை மருத்துவர் ஜெயபாரதிக்குப் போன் செய்தார். நித்யஸ்ரீ கதவோரம் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள்.

முதலில் ஒரு சின்ன நீர்ப்பை வெளியே வந்தது. அதற்குள் ஏதோ அசைந்தது. பஞ்சு தலையைத் திருப்பி, பல்லால் மெதுவாக அந்தப் பையைக் கிழித்தது. நக்கியது. நக்கிக்கொண்டே இருந்தது. பஞ்சுவுக்கு இதுதான் முதல் பிரசவம். இப்படிச் செய்ய வேண்டும் என்று யார் சொல்லிக் கொடுத்தார்கள்?

ஈரத்துணி மாதிரி கிடந்த குட்டி திடீரென்று வாயைத் திறந்தது. "கீ..." என்றது.

நித்யஸ்ரீக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. கொஞ்ச நேரத்துக்கு முன்னால் இந்த உலகத்தில் இப்படி ஒரு குரலே இல்லை!

குட்டிக்குக் கண் திறக்கவில்லை. காதும் மூடியிருந்தது. ஆனாலும் அது மூக்கை நீட்டி, நீந்துவதுபோல் ஊர்ந்து, பால் இருக்கும் இடத்தை நேராகப் போய்ப் பிடித்துக்கொண்டது. நித்யஸ்ரீ வாயைப் பொத்திக்கொண்டாள். அவளுக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன.

மருத்துவர் வந்து சேர்ந்தபோது ஐந்து குட்டிகள் வரிசையாகப் பால் குடித்துக்கொண்டிருந்தன. ஒன்று பால் வெள்ளை. ஒன்று தேன் நிறம். ஒன்று செவலை, மார்பில் மட்டும் வெள்ளை. இன்னொன்றில் வெள்ளையும் செவலையும் திட்டுத் திட்டாக இருந்தன. ஒன்றே ஒன்றுதான் கிரீம்.

அப்பா ஷேடு கார்டை ஒவ்வொரு குட்டிக்கும் பக்கத்தில் வைத்து வைத்துப் பார்த்தார். "ஏனுங்க டாக்டர், லாட்டே மாறிப் போச்சுங்களே! இந்தச் செவலை நம்ம கார்டுலயே இல்லைங்க!"

ஜெயபாரதி சிரித்துவிட்டார். "ஒரே மாதிரி இருக்கற ரெண்டு கலப்பு நாயைச் சேர்த்தா, குட்டியும் அதே மாதிரி வரும்னு சொல்லவே முடியாதுங்க. தாத்தன் பாட்டி நிறமெல்லாம் எட்டிப் பாக்கும். முடி கொட்டுமா கொட்டாதாங்கறதும் அப்படித்தானுங்க."

"அப்ப அடுத்த தடவை சரியா வந்துருமுங்களா? நான் பல பேருக்கு வாக்குக் குடுத்துப்போட்டனுங்களே."

"பஞ்சு முதல்ல உடம்பு தேறட்டுமுங்க. அதுசரி, பரம்பரை நோய் குட்டிக்கு வராம இருக்க, ஜோடி சேர்க்கறதுக்கு முன்னாடி ரெண்டுக்கும் கண்ணு சோதனை, இடுப்பு எலும்பு எக்ஸ்ரே எல்லாம் பாத்தீங்களா?"

"அதெல்லாம் பாக்கலீங்களே," என்றார் அப்பா.

"ஏனுங்கப்பா, துணியையே துவைச்சுப் பாத்துட்டுத்தானே வெட்டுவீங்க?" என்றாள் நித்யஸ்ரீ.

அப்பா ஷேடு கார்டை எடுத்துக்கொண்டு கீழே போய்விட்டார்.

சில நாட்கள் கழிந்தன. பஞ்சுவுக்கு விலா எலும்பு தெரிந்தது. குட்டிகள் தூங்கினால்தான் அது எழுந்து கஞ்சி குடிக்கும். ஒரு குட்டி முனகினால் பாதியில் ஓடி வந்துவிடும். அன்று காலையில் அப்பா போனில் பேசுவது நித்யஸ்ரீக்குக் கேட்டது. "ஆமா சுரேஷ், அடுத்த பருவத்துக்கே மறுபடியும் சேர்த்துப்போடலாம். எல்லாம் கிரீமா வரவரைக்கும் பாத்துடலாம்."

நித்யஸ்ரீ பஞ்சுவைத் திரும்பிப் பார்த்தாள். எல்லாம் கிரீமாக வருகிறவரைக்கும் என்றால் எத்தனை தடவை? பஞ்சு தாங்குமா? அழுதால் அப்பா மிட்டாய் வாங்கிக் கொடுத்துச் சமாளித்துவிடுவார். சண்டை போட்டால் அவரும் குரலை உயர்த்துவார். அவள் குட்டிகளைப் பார்த்தபடி யோசித்தாள். பிறகு போய் அப்பாவின் கையைப் பிடித்தாள்.

"கையைக் கழுவிட்டு வாங்கப்பா. ஒரு வெளையாட்டு."

"வேலை கெடக்குது கண்ணு."

"ஒரே ஒரு நிமிசமுங்கப்பா."

அவரைத் தரையில் உட்கார வைத்தாள். "கண்ணை மூடிக்குங்க. நான் சொல்றவரைக்கும் தொறக்கக் கூடாது." பஞ்சுவைத் தடவிக் கொடுத்துவிட்டு, ஒரு குட்டியை எடுத்து அவர் இரண்டு உள்ளங்கையிலும் வைத்தாள்.

அப்பாவின் தோள் ஒரு தடவை குலுங்கியது. அத்தனை சூடு! விரலுக்கடியில் ஒரு சின்ன இதயம் படபடவென்று அடித்தது. குட்டி அவர் கட்டைவிரலை மோந்து பார்த்தது. மணிக்கட்டு வரைக்கும் ஊர்ந்து ஊர்ந்து ஏறியது. பிறகு அங்கேயே மோவாயை வைத்து, பெரிதாக ஒரு மூச்சு விட்டுத் தூங்கிப்போனது.

"இது என்ன ஷேடுன்னு சொல்லுங்க பாக்கலாம்," என்றாள் நித்யஸ்ரீ.

"தெரியலையே அம்மிணி," என்றார் அப்பா.

"அதுக்கும் நீங்க என்ன ஷேடுன்னு தெரியாதுங்கப்பா. அப்படியும் தூங்குது பாருங்க."

பஞ்சு நகர்ந்து வந்து அவர் முழங்காலில் தலையை வைத்துக்கொண்டது. கண்ணை மூடியபடியே அதன் முதுகைத் தடவப் போனவரின் விரல் விலா எலும்பில் பட்டது. அவர் கையை அங்கேயே வைத்திருந்தார்.

"சுரேசுக்குப் போன் போடு கண்ணு."

நித்யஸ்ரீ போட்டு, அவர் காதருகே பிடித்தாள். "சுரேஷ், இனி சேர்க்க வேண்டாம். பஞ்சு பெத்தது போதும்," என்றார் அப்பா. நித்யஸ்ரீ குதிக்கப் போனாள். குட்டி தூங்குவது ஞாபகம் வந்து நின்றுகொண்டாள்.

வைத்த உடனே போன் திரும்பவும் அடித்தது. குன்னத்தூர் சித்ராதேவி என்று சொல்லி, அவள் அதையும் அவர் காதருகே பிடித்தாள்.

"குட்டி போட்டிருச்சுன்னாங்களே, நெசமுங்களா?"

"போட்டிருச்சுங்க. என்ற கையிலதான் ஒண்ணு தூங்குது. நான் சொன்ன வாக்கு தப்பிப் போச்சுங்க, எல்லாம் வேற வேற கலரு, கோவிச்சுக்காதீங்க. குட்டி கொஞ்சம் பெருசானதும் ஊட்டுக்கு வாங்க. மடியில வெச்சுப் பாருங்க. புடிச்சா மட்டும் எடுத்துட்டுப் போங்க."

"சரிங்க. உங்க கையில இருக்கறது என்ன கலருங்க?"

"தெரியலீங்க," என்றார் அப்பா மெதுவாக. "நான் இன்னும் கண்ணைத் தொறக்கலை."