பதினெட்டாம் நம்பர் கிளிப்பு

பகல் 1.10. ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு கல்யாண மண்டபம்.

சிவப்பு வெல்வெட் டப்பா மாடி அறையில், வைத்த மேசைமேலேயே இருந்தது. மூடியும் மூடித்தான் இருந்தது. உள்ளே இருக்க வேண்டிய ஏழு கல் வைரத் தோடுதான் இல்லை.

மாலை நாலரைக்கு யுவராணிக்கு நிச்சயத் தாம்பூலம். நல்ல நேரம் அப்போதுதான் என்பதால் சாப்பாட்டை முதலில் வைத்துவிட்டார்கள். மூன்று தலைமுறையாக அந்த வீட்டுப் பெண்கள் அந்தத் தோட்டைப் போட்டுக்கொண்டுதான் சபையில் உட்கார்ந்திருக்கிறார்கள். அது காதில் ஏறாமல் பெண்ணை இறக்கிவிட மாட்டேன் என்று அம்மா பரிபூரணம் தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள். அப்பா சுயம்புலிங்கம் பேண்டேஜ் துணி மில் நடத்துபவர், நூறு பேரை அதட்டிப் பழகினவர். அறையில் இருந்த ஒரே வெளியாளைத் திரும்பிப் பார்த்தார்.

அது மாரிசெல்வி. சேத்தூரிலிருந்து காலை ஏழு மணி பஸ்ஸில், மணப்பெண்ணுக்குச் சேலை கட்டிவிட வந்தவள்.

பகல் 1.25. ராஜபாளையம்.

சப்-இன்ஸ்பெக்டர் வெள்ளத்தாய் பல் டாக்டர் ஜாஸ்மினின் நாற்காலியில் வாயைத் திறந்துகொண்டு கிடந்தார். மூன்று வாரமாக ஈறு வீங்கி ரத்தம் வருகிறது. இன்று ஞாயிற்றுக்கிழமை, இரண்டு மாதத்தில் அவருக்குக் கிடைத்த முதல் லீவு. அதையும் இந்த நாற்காலிக்குத்தான் கொடுக்க வேண்டியிருந்தது.

டாக்டர் அவர் வாயை அப்படியே விட்டுவிட்டு, பக்கத்து நாற்காலியில் இருந்த ஸ்பின்னிங் மில் சூப்பர்வைசரைத் திட்டிக்கொண்டிருந்தார். கோணல் பல் நேராகட்டும் என்று கண்ணாடி மாதிரி ஒரு பிளாஸ்டிக் கிளிப்பு போட்டிருந்த மனுஷன். அதைத் தொலைத்துவிட்டு வந்து நிற்கிறார்.

"மெஸ்ஸுல சாப்பிடக் கழத்துனேன் டாக்டர். டிஷ்யூவுல சுத்தி எல ஓரமா வச்சேன். மறந்துபோய் எலையோட மடிச்சுட்டேன்."

"அதுக்குத்தான டப்பா குடுத்திருக்கேன்? கழத்துனா டப்பா, இல்லேன்னா வாய். மூணாவது எடமே கெடையாது. எதையாவது தின்னுட்டுப் பல்லு வெளக்காம மாட்டுறதும் கூடாது. உள்ள மாட்டுன சோறு கிளிப்புக்கும் பல்லுக்கும் நடுவுல கெடந்து ஊறும், ஈறு கெட்டுரும். நம்ம சாம்பாருக்கு ஒரே வேளையில மஞ்சளாயிரும். வெந்நீர்ல போட்டா கோணிக்கும்."

"ரொம்பப் பாடு டாக்டர்."

"நேரான பல்லுன்னா சும்மாவா?" டாக்டர் இந்தப் பக்கம் திரும்பினார். "நீங்க ராத்திரி பல் தேய்க்கிறதே இல்லையா மேடம்?"

ராத்திரி ரோந்து முடித்து, ஷூவைக் கழற்றத் தெம்பில்லாமல் அப்படியே கட்டிலில் விழுகிற பொம்பளை என்ன பதில் சொல்வாள்? நல்ல வேளையாக போன் அடித்தது. ஏட்டு இசக்கிமுத்து.

"மேடம், மண்டபத்துல தோடு காணாமப் போச்சு. பொண்ணு வீட்டுக்காரவிய ஒருத்தியப் பிடிச்சு வச்சிருக்காவ. செத்த நேரம் வந்துட்டுப் போனா நல்லாருக்கும்."

வெள்ளத்தாய் வாயைக் கொப்பளித்துத் துப்பினார். தண்ணீர் சிவப்பாகப் போனது. அலுப்பாக இருந்தது.

பகல் 1.55. மண்டபம்.

வாசல் கதவைப் பூட்டி வைத்திருந்தார்கள். பஸ் தூசியோடு வந்த வெள்ளத்தாய் முகம் கழுவலாம் என்று சாப்பாட்டுக் கூடத்துக்கு வெளியே இருந்த குழாய் வரிசைக்குப் போனார். ஆறு குழாய். ஆறையும் திருகினார். காற்றுதான் வந்தது.

"மோட்டார் பன்னெண்டுக்கெல்லாம் கருகிருச்சும்மா," என்றார் வாட்ச்மேன் சோணைமுத்து. "பந்தி ஆரம்பிக்கும்போது சொட்டுத் தண்ணி இல்ல. பொறக்கடையில டிரம் வச்சு, செம்பு வச்சு, சாப்பிட்ட சனம் பூராவும் அங்கதான் கை கழுவுச்சு. வாங்க, ஊத்துதேன்."

சித்திரை வெயிலில் டிரம் தண்ணீரும் கொதித்தது. முகத்தைக் கழுவிக்கொண்டு உள்ளே வந்தார்.

கூடத்தின் நடுவில், மேடைக்கு எதிரே, ஒரு பையைத் தலைகீழாகக் கொட்டியிருந்தார்கள். ஊக்கு, கொண்டை ஊசி, சீப்பு, மை, பவுடர், ஒரு சாப்பாட்டு டப்பா. அதையும் திறந்து, தயிர் சாதத்தைக் கிளறிப் பார்த்திருந்தார்கள். இருநூறு பேர் சுற்றி நாற்காலியில் உட்கார்ந்து வேடிக்கை பார்க்க, அந்தக் குவியல் பக்கத்தில் மாரிசெல்வி நின்றுகொண்டிருந்தாள்.

"இதை யாரும் தொடக் கூடாது. நான் சொல்ற வரைக்கும் இப்படியே கிடக்கட்டும்," என்றார் வெள்ளத்தாய்.

பகல் 2.10.

"சொல்லுங்க."

"இவதான் மேடம்," என்றார் சுயம்புலிங்கம். "பன்னெண்டரைக்கு நானே டப்பாவைத் தொறந்து பாத்தேன், இருந்துச்சு. பொண்ணு மாப்பிள்ளை வீட்டுப் பொம்பளைகளோட மொதப் பந்தியில ஒக்காந்தா. இவ மட்டும் ரூம்ல. ஒண்ணு பத்துக்கு என் சம்சாரம் தொறந்தா, காணோம்."

"தோடு அந்த டப்பாவுல இருக்குன்னு யாருக்கெல்லாம் தெரியும்?"

"நான், சம்சாரம், பொண்ணு, இவ. பொறவு எங்க அக்கா மகன் ராம்கி. காலையில என்கூட வந்து லாக்கர்ல இருந்து எடுத்துட்டு வந்தவன். அவன் மொதப் பந்தியில இருந்தான்."

"மத்தவங்களைச் சோதிச்சீங்களா?"

"வாசலைப் பூட்டிட்டு ஒருத்தர் விடாமப் பாத்தாச்சு. நாளைக்கு ஒரு பேச்சு வந்துரக் கூடாதுன்னு எங்க மருமகன் ராம்கி பையைக்கூட விடலை. பர்ஸு, கார்ச் சாவி, பிரஷ்ஷு, பல்லு சாமான், அம்புட்டுதான். இவளை ஸ்டேஷனுக்குக் கூட்டிட்டுப் போய் ரெண்டு தட்டு தட்டுங்க, தானா வரும்."

எத்தனை வருஷமாக இதே வாக்கியம். ஆள்தான் மாறுகிறார்கள்.

பகல் 2.20.

"ரூமை விட்டு எப்பப் போனே?" என்று மாரிசெல்வியிடம் கேட்டார்.

"பன்னெண்டே முக்கால் இருக்கும் மேடம். பொண்ணு முகத்துக்கு ஈரத்துணி வேணும். மேல குழாய்ல தண்ணி வரலை. பொறக்கடைக்குப் போய் டிரம்முல மொண்டுட்டு வந்தேன். பத்து நிமிசம். கதவைச் சாத்திட்டுத்தான் போனேன், பூட்டலை."

"திரும்பி வந்து டப்பாவைப் பாத்தியா?"

"அவிய நகையை நான் ஏன் தொறக்கேன்?" என்றாள். கண்ணில் தண்ணீர் முட்டிக்கொண்டு நின்றது. "மேடம், நீங்க என்னை ஜீப்புல ஏத்துனாப் போதும். நாளைக்கே விட்டாலும் சரி. பொறவு சேத்தூருல இருந்து இங்க வரைக்கும் எந்த வீட்டுலயும் என்னை மணப்பொண்ணு ரூமுக்குள்ள விட மாட்டாவ. எனக்கு வேற தொழில் தெரியாது."

அவள் சொன்னது அத்தனையும் நிஜம் என்று வெள்ளத்தாய்க்குத் தெரியும். அப்படி ஏற்றி, அப்படி விட்டு, அப்படிப் பிழைப்புப் போனவர்களை அவர் பார்த்திருக்கிறார். அதில் ஒன்றிரண்டு அவர் கையாலேயே நடந்தது.

பகல் 2.40. மண்டப ஆபீஸ் அறை.

ராம்கிக்கு இருபத்தொன்பது வயது. ராஜபாளையத்தில் செல்போன் கடை. வெள்ளைச் சட்டைப் பையில் பச்சை நிறத்தில் சின்னதாய் ஒரு டப்பா தெரிந்தது. பேசும்போது பல்லில் ஒரு மினுக்கம். இசக்கிமுத்து டீயும் உளுந்த வடையும் கொண்டுவந்து வைத்தார்.

"சாப்பிடுப்பா."

"ஒரு நிமிசம் மேடம்." ராம்கி நகத்தால் நெம்பி, கீழும் மேலுமாக இரண்டு கண்ணாடிக் கிளிப்பைக் கழற்றினான். மேசைமேல் இருந்த டிஷ்யூவில் ஒன்றை உருவி, பத்திரமாகச் சுற்றி இடது கைக்குள் வைத்துக்கொண்டான். "இதைப் போட்டுக்கிட்டுத் தண்ணி தவிர எதுவும் இறக்கக் கூடாது."

"அவ்வளவு கரெக்டா?"

"ஒரு நாள் தவறுனதில்லை. செட்டுக்குப் பதினஞ்சு நாள். இருபத்திநாலுல இது பதினெட்டாவது செட்டு. நேத்துதான் மாத்துனேன்."

"ஒன்பது மாசமா?"

"ஆமா மேடம்." மூன்று வடையும் போன இடம் தெரியவில்லை. டீயையும் ஒரே மூச்சில் குடித்தான்.

"பன்னெண்டே முக்காலுக்கு எங்க இருந்தே?"

"மொதப் பந்தியில. கடைசி வரிசை. பாயசம் வரைக்கும் சாப்பிட்டேன்."

"சாப்பிட்டதும்?"

"பல்லு வெளக்குனேன்."

"கல்யாண வீட்டுலயா?"

"வெளக்காம மாட்டவே கூடாது மேடம். ஈறு போயிரும்." லேசாகச் சிரித்தான். "பிரஷ் பையிலயே இருக்கும். வெளிய கண்ணாடி பதிச்ச எடத்துல, கடைசிக் குழாய்ல வெளக்கிட்டு, கிளிப்பையும் அதே தண்ணியில கழுவி மாட்டுனேன். பொறவுதான் மேல சத்தம் கேட்டுச்சு."

"சரி. கிளிப்பைக் கையில வச்சுக்கிட்டு எவ்வளவு நேரம் உக்காந்திருப்பே? கொஞ்சம் பொறு, கூப்பிடுறேன்."

வெளியே வந்ததும் இசக்கிமுத்து கேட்டார். "அந்தப் பிள்ளையை ஏத்திருவமா மேடம்?"

"ஏத்தலாம், ஏத்தலாம். அவனை மட்டும் அந்த ரூமை விட்டு அசைய விடாதீங்க." வெள்ளத்தாய் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, வீங்கிய ஈறை நாக்கால் தடவிக்கொண்டே கொஞ்ச நேரம் கண்ணை மூடியிருந்தார். பிறகு எழுந்து போய்ப் பந்தி பரிமாறியவர்களிடம் இரண்டு வார்த்தை பேசினார்.

மாலை 3.40. கூடம்.

எல்லாரும் இருந்தார்கள். கொட்டிய பையும் அங்கேயே கிடந்தது.

"ராம்கி மொதப் பந்தியில சாப்பிட்டதா சொல்றார்," என்றார் வெள்ளத்தாய். குரலை உயர்த்தவில்லை. "மொதப் பந்தியில சாப்பிட்டவங்க கை தூக்குங்க. எங்க கை கழுவுனீங்க?"

"டிரம்முல," என்று நாலா பக்கமும் குரல் வந்தது. யாரோ ஒருத்தர் மண்டபக்காரரைத் திட்டினார்.

"இவர் மட்டும் கடைசிக் குழாய்ல பல் தேய்ச்சிருக்கார். பன்னெண்டு மணியில இருந்து காத்து மட்டும் வர்ற குழாய்ல. இந்தக் கிளிப்பு மாட்டுறவங்க சாப்பிட்டதும் பல் தேய்ச்சே ஆகணும். அதனால பொய் சொல்லும்போதும் வாய் பழக்கத்துல தேய்ச்சுருச்சு. சாப்பிட்டிருந்தா கை கழுவப் போயிருப்பார், தண்ணி இல்லேன்னு தெரிஞ்சிருக்கும். கடைசி வரிசையில பரிமாறுனவங்களுக்கும் இவரைப் பாத்த ஞாபகம் இல்லை. சாம்பார் சாப்பிட்ட மனுஷனோட கிளிப்பு தண்ணி படாம கண்ணாடியா மின்னுது. மூணு வடையை முழுங்குன வேகத்தைப் பாத்தாலே வயிறு காலின்னு தெரியும்."

"மேடம், என் மருமகன் பையை நானே பாத்தேன்," என்றார் சுயம்புலிங்கம்.

"பச்சை டப்பாவைத் திறந்தீங்களா?"

சுயம்புலிங்கம் முகத்தைச் சுளித்தார். "அது அவன் எச்சில் டப்பா. வாய்க்குள்ள கெடக்கிறதை வைக்கிற கருமம். அதைப் போய் யாரு தொடுவா?"

"அதான். ஊரே தொடாத ஒரு டப்பா. தயிர் சாதத்துக்குள்ள கை விட்டுத் தேடுனீங்க, இதைத் தொடலை. ஆனா இன்னிக்கு டீ குடிக்கும்போது இவரே அதைத் தொடலை. ஒரு நாளும் தவறாத ஆளு, சட்டைப் பையில டப்பா இருக்கும்போது கிளிப்பை டிஷ்யூவுல சுத்துறார். கழத்துனா டப்பா, இல்லேன்னா வாய்னு டாக்டர் சொல்லிக் குடுத்திருப்பாங்க. டப்பாவுல ஏன் வைக்கலை? எடம் இல்லை." ராம்கியைப் பார்த்தார். "உன் எச்சில்தானே தம்பி. நீயே திற."

ராம்கியின் கை தானாகச் சட்டைப் பைக்குப் போனது. மூடி டப்பென்று திறந்தது. டிஷ்யூ மெத்தைமேல் ஏழு ஏழாகப் பதினாலு கல். கூடத்தில் ஒரு மூச்சுச் சத்தம் எழுந்து அடங்கியது.

"ஏலே!" என்றார் சுயம்புலிங்கம்.

"விக்க எடுக்கலை மாமா." கிளிப்பில்லாத அவன் பல் இப்போது எல்லாருக்கும் தெரிந்தது. ஏறக்குறைய நேராகிவிட்ட பல். "போன ஆடித் தேருக்கு ஒங்க மககிட்ட என்னைக் கட்டிக்கிறியான்னு கேட்டேன். முறைப்பையன்தான, கேட்டா என்ன? ‘ஒன் பல்லைப் பாத்துக்கிட்டு எம்புட்டு நாள் இருக்க’ன்னு சிரிச்சா. ஒன்பது மாசம். வலி, கொப்பளிப்பு, ஒரு டீ குடிக்கக்கூட ஆயிரம் கணக்கு. இன்னும் ஆறு செட்டுதான் பாக்கி. அதுக்குள்ள நிச்சயம்னு போன் வருது. தோடு இல்லேன்னா அத்தை சபையில உக்கார விட மாட்டாவ. நாலரை தாண்டிட்டா நின்னுரும், பொறவு குடுத்துரலாம்னு…"

யுவராணி முகத்தைப் பொத்திக்கொண்டாள். வெள்ளத்தாய்க்கு அவன்மேல் பரிதாபமாகத்தான் இருந்தது. ஆனால் கோபம் அதைவிடப் பெரிதாக இருந்தது.

"நாலரை வரைக்கும் இந்தப் பிள்ளை எங்க இருப்பான்னு நெனைச்சே?" மாரிசெல்வியைக் காட்டினார். "உன்னைப் பாத்து ஒருத்தி சிரிச்சா, ஒன்பது மாசம் தூங்கலை. இவளை இருநூறு பேர் பாத்தாங்க. நீயும் பாத்துக்கிட்டு வடை தின்னே."

ராம்கி தலை குனிந்தான். இசக்கிமுத்து அவன் தோளைத் தொட்டார்.

மாலை 3.55.

பரிபூரணம் தோட்டை மஞ்சள் தண்ணீரில் மூன்று முறை கழுவினாள். சுயம்புலிங்கம் தொண்டையைச் செருமிக்கொண்டு மாரிசெல்வி பக்கம் வந்தார்.

"சரிம்மா. தப்பா நெனைச்சுட்டோம். நேரமாச்சு. மேல போய்ப் பொண்ணுக்குச் சேலையைக் கட்டிவிடு."

"கட்டுதேன் ஐயா," என்றாள் மாரிசெல்வி. ஆனால் இடத்தை விட்டு நகரவில்லை. "சேலை கட்ட ஊக்கு வேணும்லா. இம்புட்டுச் சனத்துக்கு முன்னால நீங்கதான் கொட்டுனீங்க. இம்புட்டுச் சனத்துக்கு முன்னால நீங்களே பொறுக்கிக் குடுங்க."

சுயம்புலிங்கம் வெள்ளத்தாயைப் பார்த்தார். அவர் நாற்காலியில் சாய்ந்து, கன்னத்தில் கையை வைத்துக்கொண்டார்.

"கேஸ் எழுதி முடிஞ்சுது. இப்ப அதைத் தொடலாம்," என்றார்.

சுவர்க் கடிகாரத்தில் மணி நாலு. வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு மில் முதலாளி தரையில் மண்டியிட்டார். ஒவ்வொன்றாய்ப் பொறுக்கினார். மாரிசெல்வி உள்ளங்கையை விரித்து, பொறுமையாக வாங்கிக்கொண்டிருந்தாள்.

"நாற்காலிக்கு அடியில இன்னும் ரெண்டு பெரிய ஊக்கு கெடக்கு, ஐயா," என்றாள்.