விலக்குக் கடிதம்

பள்ளிக்கூட வாசலில் சட்டென்று பிடித்துக்கொண்ட மழையில் அவள் கையிலிருந்த கோப்பு நழுவி விழுந்தது. உள்ளிருந்த படங்கள்... கோயில், மசூதி, தேவாலயம், புத்த விகாரை... எல்லாம் சேற்றுத் தண்ணீரில் பரவின. அவள் குனிவதற்குள் ஒருவன் பொறுக்க ஆரம்பித்திருந்தான். லிஃப்ட் மெக்கானிக் சீருடை. ஒவ்வொரு படத்தையும் தன் சட்டையிலேயே துடைத்துக் கொடுத்தான். நிமிர்ந்தபோது இமையோரத்தில் மழைத்துளி... அதற்குப் பின்னால் சிரிக்கிற கண்கள்.

"ஒருத்தரையும் விடாம நனைச்சிட்டீங்களே," என்றான்.

அவளுக்கும் சிரிப்பு வந்துவிட்டது. இருவரும் தாழ்வாரத்தில் ஒதுங்கினார்கள். இங்கே புதிதாகச் சமயப் பாடம் எடுக்கிறார்களாமே, அந்த டீச்சர் எப்படி என்று விசாரித்தான்.

"கொஞ்சம் முன்கோபக்காரி. என்ன விஷயம்?"

"நறுக்குன்னு நாலு வார்த்தை கேட்கணும்."

"கேளுங்க. நான்தான்."

அவன் முகத்தில் அசடு வழிந்தது. ஆனாலும் பின்வாங்கவில்லை. பையிலிருந்து கடிதம் ஒன்றை எடுத்து நீட்டினான். நான்காம் வகுப்பில் படிக்கும் அக்கா மகளை அந்தப் பாடத்திலிருந்து விலக்கச் சொல்லும் கடிதம். அடியில் பெற்றோர் கையெழுத்து.

அது அரசுப் பள்ளி. எந்த மதத்தையும் போதிக்கக் கூடாது, எல்லா மதங்களைப் பற்றியும் சொல்லிக்கொடுக்கலாம் என்று அந்த ஆண்டுதான் பாடம் வந்திருந்தது. அவளுடைய அப்பா வழிபாட்டுக் கூடத்தில் பிரார்த்தனை நடத்துபவர். எல்லாம் ஒன்று என்று சொல்லிக்கொடுத்தால் எதுவுமே நம்முடையது இல்லாமல் போய்விடும் என்பது அவர் கட்சி. அவரோடு மல்லுக்கட்டி வாங்கிய வேலையை ஒரு கடிதம் அசைத்துப் பார்ப்பதா? பயந்து ஒதுங்குவது சுலபம் என்று வெடுக்கென்று சொல்லிவிட்டாள்.

"அவ பயப்படல, டீச்சர். அழறா."

அக்காவும் அத்தானும் வேறு வேறு மதம். கல்யாணத்தோடு இரண்டு குடும்பமும் கைகழுவிவிட்டன. அவர்கள் வீட்டில் எந்த வழிபாடும் கிடையாது. 'எங்கள் வீட்டில் எப்படி வழிபடுகிறோம்' என்று வீட்டுப்பாடம் கொடுத்தால் குழந்தை எதை எழுதும்? வெறும் தாளைக் கொடுத்திருக்கிறாள். டீச்சர் அதில் சிவப்பு மையால் 'மீண்டும் எழுது' என்று போட்டிருக்கிறார். வகுப்பே சிரித்திருக்கிறது.

அவள் கடிதத்தை வாங்கிக்கொண்டாள். அப்போதும் தப்பு தன்னுடையது என்று சொல்ல வரவில்லை. மணி அடித்ததைச் சாக்காக வைத்து உள்ளே போய்விட்டாள்.

மறுநாள் வகுப்பில் நின்று, அந்தக் கேள்வி தப்பு என்றாள். யார் எதைக் கும்பிடுகிறார்கள் என்று இங்கே யாரும் சொல்ல வேண்டியதில்லை, மற்றவர்களைத் தெரிந்துகொள்ளத்தான் இந்தப் பாடம் என்றாள். அந்தச் சிறுமியிடம் தனியாக மன்னிப்புக் கேட்டாள். அடுத்த வாரம் வகுப்பில் அதிகம் கேள்வி கேட்டது அந்தக் குழந்தைதான்.

மெக்கானிக் வந்து கடிதத்தைத் திருப்பி வாங்கிக்கொண்டு போனான். அதற்குப் பிறகு வியாழன்தோறும் குழந்தையைக் கூட்டிப்போக அவனே வந்தான். அவன் வேலை ஊரின் மறுகோடியில் என்பது குழந்தை போட்டு உடைத்த ரகசியம். வியாழக்கிழமைகளில் அவள் தலையைக் கொஞ்சம் கவனமாக வாரிக்கொண்டாள்...

மூன்று மாதம் கழித்து, இரண்டு வாரமாக அவள் அவன் கண்ணிலேயே படவில்லை. அவன் காத்திருந்து காரணம் கேட்டான்.

"அப்பா முதல்ல கேட்கறதே நீங்க என்ன மதம்னுதான். உங்களது வேற, எங்களது வேற. உங்க அக்கா பட்ட பாடு உங்களுக்குத் தெரியாதா?"

அதுவரை அவளிடம் சொல்லாமல் வைத்திருந்ததை அவன் சொன்னான். "அன்னைக்கு அக்காவை ஒதுக்கினதுல நானும் ஒருத்தன். அஞ்சு வருஷம் அவகிட்ட பேசல. நான் இப்பவும் கும்பிடறவன்தான். ஆனா அந்தத் தப்பை இன்னொரு தடவை பண்ண மாட்டேன். உங்களைக் கட்டிக்கணும்னு ஆசைப்படறேன். உங்க அப்பாகிட்ட நானே வந்து கேட்கறேன். திட்டினா வாங்கிக்கறேன்."

அவள் தரையைப் பார்த்தாள். உதட்டோரம் மெல்லத் துடித்தது.

"ஞாயித்துக்கிழமை வாங்க. அப்பா வீட்லதான் இருப்பார். ரெண்டு வாரமா என்கிட்ட பேசறதில்ல... உங்களைப் பிடிச்சிருக்குன்னு அவர்கிட்ட சொல்லிட்டேன். உங்ககிட்ட சொல்லத்தான் தைரியம் வரல."