அணைக்குக் கீழே இரண்டு கோடுகள்

இந்தக் காலத்து மனிசருக்கு ஆற்றைப் பார்க்கத் தெரியாது. அட்டாளைச்சேனையிலிருந்து மோட்டார் சைக்கிளில் வருவார்கள். எங்கள் அணையில் ஏறி நின்று போனில் படம் பிடிப்பார்கள். சோற்றுப் பார்சலைத் தின்றுவிட்டு அதைச் சுற்றிய லஞ்ச் சீற்றை, அந்தப் பிளாஸ்டிக் தாளை, ஆற்றில் விடுவார்கள். தண்ணீர் எவ்வளவு நிற்கிறது என்று ஒருத்தனும் குனிந்து பார்த்ததில்லை.

ஜூன் மாதம், வெள்ளிக்கிழமை காலை 6.10. நான் பார்த்தேன். மூன்று நாளாய்ச் சேர்த்த தண்ணீரில் பாதியைக் காணவில்லை. அணைக் கதவு மூடித்தான் கிடந்தது. கதவை உயர்த்தும் திருகுச் சக்கரத்தின் ஆமைப்பூட்டு மட்டும் கல்லால் அடித்து உடைக்கப்பட்டிருந்தது.

வெள்ளைக்காரன் கட்டிய அணை. கடைசி வாய்க்காலில் என் இரண்டு ஏக்கர் சிறுபோக வயல் கதிர் வெளிவருமுன் குடலை தள்ளி நிற்கிறது. இந்த நேரம் தண்ணீர் ஏறாவிட்டால் கதிரெல்லாம் மணி பிடிக்காத சப்பிதான்.

யார் வேலை என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. பவிதரன் அணைக்குக் கீழே வலை கட்டிப் பிழைப்பவன். கதவு திறந்தால் மேலே கிடக்கும் மீன் அவன் வலைக்கு இறங்கும். எட்டு மணிக்குள் விவசாயிகள் கூடிவிட்டார்கள். இனி அவன் வலை இந்த ஆற்றில் இறங்கக்கூடாது, ஜும்ஆத் தொழுகைக்கு முன் முடிவு எடுக்க வேண்டும் என்று பேச்சு. முதலில் சொன்னவன் நான்தான்.

8.40. வந்தது ஒரு பொம்பிளைப் பொலிஸ். சார்ஜன்ட் கலாராணி, திருக்கோவில் ஊர். வந்ததும் சப்பாத்தைக் கழற்றிவிட்டு ஆற்றுக்குள் இறங்கினார். எனக்குப் பிடிக்கவில்லை. கள்ளன் கரையில் நிற்கிறான், இவருக்கு ஆற்றில் என்ன வேலை?

“வலை எங்க?”

“போச்சு மிஸ்,” என்றான் பவிதரன். “புது வலை. தண்ணி கம்போட அள்ளிட்டுப் போயிட்டு.”

“ஒளிச்சு வெச்சிருப்பான்,” என்றேன்.

“ஏன் காக்கா, கதவு திறக்கும் எண்டு தெரிஞ்சா நான் கரையோரமாக் கட்டமாட்டனா? நடு ஆத்தில கட்ட எனக்கென்ன விசரா?” அண்ணனைப் போல என்னைக் காக்கா என்றுதான் கூப்பிடுவான்.

“கதவு ஆர்ர பொறுப்பு?” என்றார் கலாராணி.

றிம்சான் முன்னால் வந்தான். இருபது வருடமாக அணைக் காவல். நல்லவன்தான், ஆனால் ஆமை. கதவைக் கால்வாசி திறந்துவிட்டு ஒரு பீடி முடியுமட்டும் நிற்பான். கீழே குளிக்கிறவர்கள் கரையேறட்டுமாம். மூடும்போதும் அப்படித்தான், ஒரேயடியாய் மூடினால் கரை சரியுமாம். பார்த்துக்கொண்டிருக்கிற நமக்குப் பொறுமை போய்விடும். கலாராணியிடமும் இதைச் சொன்னேன்.

“விடியச் சுபஹ் தொழப் போனன் மிஸ். வந்து பாத்தா பூட்டு உடைஞ்சு கிடக்கு.”

அதற்குள் ஆடு வளர்க்கும் சபூறா கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தாள்.

“மிஸ், என்ட ஆட்டையும் எழுதுங்க. நேத்து ஆத்து மணல்ல கட்டின. விடிய வந்து பாத்தா கரையில கட்டிக் கிடக்கு. வானத்தில இருந்து மலக்கு வந்து அவிழ்த்திச்சோ?”

எல்லாரும் சிரித்தார்கள். கலாராணி சிரிக்கவில்லை. ஆற்றோர மணல் சரிவைப் பார்த்துக்கொண்டு நின்றார். லஞ்ச் சீற்றும் சருகும் அதில் இரண்டு கோடாய் ஒதுங்கிக் கிடந்தன. ஒன்று இடுப்பு உயரம், மற்றது கணுக்கால் உயரம்.

“ஏன் ரெண்டு கோடு, ஐயா?”

“குப்பையெல்லாம் சாட்சியா?” என்றேன்.

9.25. எல்லாரையும் கிட்டக் கூப்பிட்டார்.

“மீனுக்கு வந்தவன் வலையப் பறிகுடுப்பானா? கதவைத் திரும்ப மூடிட்டுப் போவானா?”

அவர் மணல் சரிவைக் கையால் காட்டினார்.

“தண்ணி கூடி நிண்ட இடம் மேல் கோடு. இறங்கக்குள்ள நடுவில கொஞ்ச நேரம் நிண்ட இடம் கீழ்க் கோடு. ஒரேயடியா மூடியிருந்தா மேல் கோடு மட்டும்தான் கிடக்கும். திறக்கக்குள்ளயும் அப்படித்தான், கொஞ்சமாத் திறந்துட்டு வந்து ஆட்டை மேல கட்டியிருக்கார். நடு ஆத்து வலை இருட்டில தெரியல்ல. பூட்டை உடைச்ச அண்டைக்கும் இருவது வருசப் பழக்கம் விடல்ல. என்ன றிம்சான்?”

றிம்சான் குளிக்கும் படியில் உட்கார்ந்துவிட்டான்.

“ஓம் மிஸ். நான்தான்.”

எங்களை அணையின் அடிக்குக் கூட்டிப் போனான். கல் இடுக்கால் தண்ணீர் ஊறிக்கொண்டிருந்தது. தேயிலைச் சாயம் போன்ற நிறம்.

“மேல நிக்கிற தண்ணி தெளிவு. கீழ கலங்கி வருது. உள்ளுக்க மண் அரிக்குது. நீர்ப்பாசனக் கந்தோருக்கு ரெண்டு கடிதம் குடுத்தன், ஒருத்தரும் வரல்ல. தண்ணியக் குறைக்கப்போறன் எண்டு கேட்டா விட்டிருப்பீங்களா மாமா?”

“கைய முறிச்சிருப்பன்,” என்றேன்.

“அதுக்குத்தான் சாவி இருந்தும் பூட்டை உடைச்சுக் கள்ளனப் போல செஞ்சன். பாதிய உங்களுக்கு வெச்சுட்டுத்தான் மூடின.”

“பவிதரன்ட பேரச் சொல்லக்குள்ள வாயத் திறக்கல்லியே?” என்றார் கலாராணி.

அவன் தலை குனிந்தான். “பயம் மிஸ். அது பெரிய பிழை.”

பவிதரன் அவன் பக்கம் திரும்பினான். “புது வலை பின்னக்குள்ள கூட வந்து இரிங்க. பீடி பத்தவெக்காம,” என்றான்.

கலாராணி எழுதினார். உடைந்த பூட்டும் கலங்கல் தண்ணீரும் ஒரே முறைப்பாட்டில். “பூட்டுக்கு நீர்ப்பாசன ஆள் வந்தாகணும். வந்தா இதையும் பாக்கத்தான் வேணும்.”

நானும் குனிந்து பார்த்தேன். மேலே போய் அங்கேயும் பார்த்தேன். மேலே தெளிவுதான்.

“ஆறெண்டாக் கலங்கும்,” என்றேன். “எனக்கு முந்தியும் நிண்ட அணை, பிறகும் நிக்கும்.”

பவிதரனைப் பாராமலே சொன்னேன்: “வலை கட்டு. ஒருத்தரும் ஒண்டும் சொல்லமாட்டாங்க.”

10.15. அணையின் மேலால் நடந்தால் என் வீடு ஐந்து நிமிடம். நான் றோட்டுப் பாலத்துப் பக்கம் திரும்பினேன். அது ஒன்றரை மைல் சுற்று.

“காக்கா, அணையால போனாக் கிட்டத்தானே!” பவிதரன் கத்தினான்.

“செருப்பு வழுக்கும்.”

அணைக்கு ஒன்றுமில்லை. அந்தப் பொம்பிளைக்கு அணையைப் பற்றி என்ன தெரியும்? வெயிலில் நடந்தேன்.