ரைன் நதியில் என்ன குறை?

"என்னங்க இது, நதியா? சாக்கடை மாதிரி மங்கிக் கிடக்கு..."

நிசாந்தினி நிமிர்ந்தாள். மழையில் நனைந்த தலை, குறும்பு வழியும் கண்கள்... ஜெர்மனியிலிருந்து வெகுதூரத்தில், மவுண்ட் ஆல்பர்ட் ஞாயிற்றுச் சந்தையில், அவள் விற்க வைத்திருந்த பழைய ஜெர்மன் தபால் அட்டைகளில் ஒன்றைத் தூக்கிப் பிடித்தபடி ஒருவன். அதில் ரைன் நதி, கரையெல்லாம் திராட்சைத் தோட்டம், மலைமேல் கோட்டை.

"மூலை மடங்கியிருக்கு. கோட்டையும் கோணலா நிக்குது. யாருங்க வாங்குவாங்க?"

"கோணல் கோட்டையில இல்லை, உங்கட பார்வையில!" யாழ்ப்பாணத்திலிருந்து போன அப்பா அம்மாவுக்கு அந்த நதிக்கரையில்தான் அவள் பிறந்தாள். "அது என்ர ஊர். இனி இந்தப் பக்கம் வராதீங்கோ!"

சரக்கை விற்கவில்லை, கோபத்தை மட்டும் இலவசமாகக் கொடுத்தாள். அவன் அட்டையைப் பூப்போல வைத்துவிட்டுப் போனான்.

"ரவிசங்கர்டி. மதுரையில ஜவுளிக்கடைக் குடும்பம்" என்றாள் பக்கத்து மேசையில் ஊறுகாய் விற்கும் அம்புஜம் அக்கா. "பாவம், விரட்டிட்டியே!"

வாரம் முழுக்க இருப்புக் கொள்ளவில்லை. ரயில் ஜன்னலில் அந்தக் கண்கள்... தேநீர் ஆறிப் போனது. வராவிட்டால் போகட்டும்... ஐயோ, வராமலே போய்விட்டால்?

அடுத்த ஞாயிறும் மழை. ஒரு வெள்ளைக்காரர் அதே அட்டையை ஆசையாக எடுத்தார். "விற்பனைக்கில்லை" என்று பிடுங்காத குறையாக வாங்கி வைத்தாள். அக்கா இருமினாள்.

மதியம்... சொட்டச் சொட்ட வந்து நின்றான்.

"மன்னிச்சுக்கோங்க. கடையில வளர்ந்த புத்தி. ஆசை முகத்துல தெரிஞ்சா சரக்கு மலிவா கைக்கு வராதும்பார் அப்பா. அதான்... ரொம்பப் பிடிச்சதை ரொம்பக் குறை சொல்லுவேன்."

"அவ்வளவு பிடிச்சுதோ இந்த அட்டை?"

"அட்டை பரவாயில்ல..." அவன் கண்கள் மெல்ல உயர்ந்தன. "அட்டைக்காரிக்குத்தான் மூக்கு நுனியில கோபம். சிரிக்கிறதுல கஞ்சத்தனம். கண்ணு ரெண்டும் தேவைக்கு மேல பெரிசு..."

பக்கத்து மேசையில் ஊறுகாய்ப் பாட்டில் துடைத்த துணி பாதியில் நின்றது.

நிசாந்தினி அவனை மேலும் கீழும் பார்த்தாள். "உங்கட தலை கோழி கிளறின மாதிரி. சிரிச்சா வாய் காது வரைக்கும் போகுது. சட்டைப் பொத்தானையும் மாறிப் பூட்டியிருக்கிறீங்கள்..."

"இன்னும்...?" அவன் கை பொத்தானைத் தேடியது.

"இன்னும் கன குறை இருக்கு." ரைன் நதியை அவன் உள்ளங்கையில் வைத்தாள். விரலை மட்டும் எடுக்கவில்லை. "ஒரு நாளில சொல்லி முடியாது..."