மடியில் விழுந்த மகனின் வயது

ஒத்திகைக்கு முன் மகிழ்நன் தன் முகத்தைக் கழற்றித் தட்டில் வைத்தார். பழைய தோல் ஆறிய பாலின் ஆடை போலச் சுருண்டு கிடக்க, ஒப்பனை எந்திரம் புதியதை எடுத்து ஒட்டியது. செவ்வாய்க் குடியிருப்பில் நடிகர்கள் மாதம் ஒருமுறை செய்துகொள்வதுதான். கயற்கண்ணி இன்றைக்கு அந்தப் பசை நாற்றத்துக்கு மூக்கைப் பொத்திக்கொண்டாள். போன நாடகத்தில் அவள் அவருக்குக் காதலி. இதில் அவரைப் பெற்ற தாய்.

தாய் வேடத்தில் அவளுக்கு வருத்தமில்லை. பூமியில் எழுதிய பழைய நாடகம் அது. போரில் மாண்ட மகனை மடியில் கிடத்தி, "பதினாறு வயதில் உன்னைப் பெற்றேன், உன் பதினெட்டு வயதில் பறிகொடுத்தேன்" என்று தாய் கதறுகிறாள். அப்படியானால் அவளுக்கு முப்பத்துநாலு. கயற்கண்ணிக்கும் அதே வயது. அந்த வரியைப் படித்த அன்று அவள் உண்மையாகவே அழுதுவிட்டாள். ஆனால் மகிழ்நனுக்கு அறுபத்தொன்று. முகம்தான் இளசு, மடியில் சாயும்போதே முழங்கால் முனகும்.

"சேந்தன் அண்ணே, மகனுக்கு ஒரு சின்னப் பையனாப் போடுங்க. அம்மாவா நான் ஆசையா நடிக்கிறேன். இவரை மடியில போட்டுக்கிட்டு எப்படி அழுறது? அருவருப்பா இருக்கு."

இயக்குநர் சேந்தன் கையைப் பிசைந்தார். "என்னம்மா நீ! அவர் இல்லாட்டி யாரு பார்க்க வருவா? சரி, உரைப்பொறியைக் கேட்போம். அது சொன்னா சொன்னதுதான்."

பழைய நாடகங்களுக்குப் பொருள் சொல்லும் எந்திரம் அது. பூமியிலிருந்து தப்பிவந்த ஏடுகளும், திரையரங்குகளில் திருட்டுத்தனமாகப் பதிவுசெய்த படங்களும் அதற்குள் இருந்தன. அதற்குப் பொய் சொல்லத் தெரியாது. கயற்கண்ணி நிம்மதியாக உட்கார்ந்தாள்.

"நடிகர் தேர்வு சரியே," என்றது பொறி. "தாய்க்கு முப்பத்துநாலு. மகனுக்கு அறுபது. மகனின் மனைவி இருபதைத் தாண்டக் கூடாது. வசனத்தில் உள்ள பதினெட்டு, படியெடுத்தவர் செய்த பிழை."

"பெத்தவளைவிடப் பிள்ளை மூத்தவனா? அறிவு இருக்கா உனக்கு?"

"இருபத்தோராம் நூற்றாண்டுத் தமிழ்ப் படங்களை ஒப்பிட்டுப் பார்த்தேன். நாயகனைவிடத் தாய் இளையவள். மனைவிக்கோ அவன் மகளின் வயது. அக்கால மனிதர்கள் அந்த வரிசையில்தான் பிறந்திருக்க வேண்டும்."

மகிழ்நன் சிரித்தார். பசை காயாததால் சிரிப்பு ஒரு பக்கமாக வழிந்து இறங்கியது. கயற்கண்ணி முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"சீ! அந்தக் காலத்துல ஒருத்தருக்குக்கூடவா இது அசிங்கமாத் தெரியல? படம் பார்த்தவங்க எதுவும் சொல்லலையா?"

பொறி பதிவுகளையெல்லாம் மறுபடி ஒருமுறை கேட்டுப் பார்த்தது.

"எதிர்ப்பு எதுவும் பதிவாகவில்லை," என்றது. "அரங்கு நிறைய விசில் சத்தம் மட்டும் இருக்கிறது."