கட்டெறும்பின் கூடுதல் பொறுப்புகள்

டைட்டன் நிலாவில் போர் காலை ஒன்பதுக்குத் தொடங்கி மாலை ஐந்துக்கு முடியும். நடுவில் சாப்பாட்டு இடைவேளை. மீத்தேன் ஏரியின் வடகரையும் தென்கரையும் பதினோரு ஆண்டாக இப்படித்தான் மோதிக்கொண்டன, நேரம் தவறாமல்.

வடகரையிடம் இருந்தது ஒரே பாய்குண்டூர்தி. இரண்டு எஞ்சின், பெயர் கட்டெறும்பு. வானத்திலிருந்து செங்குத்தாகப் பாய வேண்டும், குண்டைப் போட வேண்டும், தரையைத் தொடுமுன் நிமிர வேண்டும். இசக்கிமுத்துவுக்கு முன் ஓட்டிய மூவரும் முதல் இரண்டையும் குறையில்லாமல் செய்தார்கள்.

இசக்கிமுத்து ஓய்வு பெற இன்னும் ஆறு வாரம். உயிரோடு ஓய்வு பெற வேண்டும் என்று அவருக்கு ஓர் அற்ப ஆசை. கூடுதல் பொறுப்பு கேட்டு வந்த மனுவை வடகரை அதிகாரி எவரும் மறுத்ததில்லை என்பதும் அவருக்குத் தெரியும். எழுத ஆரம்பித்தார்.

முதல் மனுவில் வேவுக் கேமரா ஏறியது. இரண்டாவதில், போரே நடக்காத இரவுகளைக் காவல் காக்க ஒரு ரேடார். பிறகு கப்பலைத் தகர்க்கும் டார்ப்பிடோ. ஏரியில் கப்பல் ஏது என்று யாரும் கேட்கவில்லை. தபால் பை ஏறியது. ஆணையர் பொன்னுரங்கம் வீட்டுக் கல்யாணத்துக்குப் பூத்தூவும் குழாயும் ஏறியது.

குண்டோடு வந்த மெக்கானிக் பூரணி திகைத்தாள். “இத எங்கண்ணே வைக்க? உங்க மடியிலயா?”

“மடியில டிபன் டப்பா இருக்கும்மா.”

“சும்மா போயாவது பயங்காட்டிட்டு வாரும்” என்று ஆணையர் விரட்டினார். நடு ஏரியில் தென்கரை ஊர்தி எதிரே வந்தது. ரேடியோ கரகரத்தது.

“அண்ணாச்சி, குண்டு இருக்கா?”

“வைக்க இடமில்லப்பா. உனக்கு?”

“எனக்குப் பிரசவ வார்டையே ஏத்திட்டாங்க அண்ணாச்சி.”

இரு கரையும் இதை ஒட்டுக்கேட்டன. குண்டில்லாமல் எப்படிச் சண்டை போடுவது? மறுநாளே சமாதானம் கையெழுத்தானது. இசக்கிமுத்துவுக்கு அப்போது பாக்கி நான்கே நாள். ஒன்றுக்கு இரண்டாகப் பாயசம் குடித்தார்.

ஆணையர் வந்து அவரைக் கட்டிக்கொண்டார். “கேமரா, ரேடார், டார்ப்பிடோ, எல்லாத்தையும் கழட்டியாச்சு. இனி கட்டெறும்புக்கு ஒரே பொறுப்பு. அமைதி காக்கிறது.”

“நல்லதுங்கய்யா. அதுக்கு ஏதாவது மாட்டணுமா?”

பின்னால் பூரணி குண்டு வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்தாள். “இப்ப தாராளமா இடம் இருக்குண்ணே. நாளைக்குச் சமாதான விழாவுல நீங்கதான் பாய்ஞ்சு காட்டணுமாம்.”

இசக்கிமுத்து ஆணையர் பக்கம் திரும்பினார். “ஒன்பதுலேர்ந்து அஞ்சு வரைக்கும்தானே அய்யா?”

“அது போருக்கய்யா!” என்றார் ஆணையர். “அமைதிக்கு ஏது நேரங்காலம்?”