காலிக் குப்பியில் விழுந்த மேடு

எதுவுமே ஊற்றாமல் வெறும் காற்றோடு மூடிய குப்பி அது. சுடவைத்து அதன் ஆவியை இயந்திரத்துக்குள் இழுத்தால் திரையில் கோடு ஆடாமல் அசையாமல் கிடக்க வேண்டும், ஆனால் பத்தொன்பதாவது நிமிடத்தில் அது மெல்லத் தலைதூக்கி, மேடாக வளைந்து, மறுபடி படுத்துக்கொண்டது.

நூகரத்னம் திரையை நோக்கிக் குனிந்தாள். பரவாடா மருந்து ஆலையின் சோதனைக்கூடத்தில் ஒன்பது வருஷமாக இருக்கிறவள். அது எந்தக் கரைப்பான் என்று பார்த்ததுமே தெரிந்துவிட்டது. லேசில் ஆவியாகாத பிடிவாதக்கார வகை. நூற்று நாற்பது டிகிரியில் சுட்டால்தான் மேலே வரும். எண்பதில் வைத்தால் குப்பியின் அடியிலேயே பதுங்கிக்கொண்டு, ஒன்றுமே இல்லை என்று நம்மைச் சொல்லவைத்துவிடும்.

போன மாதம் அவள் எண்பதில்தான் வைத்தாள். அவசரம். தொட்டியைக் கழுவிய தண்ணீர் சுத்தம் என்று கையெழுத்துப் போட்டாள். அதை நம்பி, நீராவிச் சூடு ஆறாத அந்தத் தொட்டிக்குள் இறங்கிய தொழிலாளி சின்னாராவைப் பிணமாகத்தான் மேலே தூக்கினார்கள். முகமூடியை அவனே கழற்றிவிட்டான் என்று எழுதி விசாரணையை முடித்தார்கள். பாவி, அவள் வாயே திறக்கவில்லை.

இன்று அதே தொட்டியில் இறங்கப்போகிறவன் அவளுடைய தம்பி பைடிராஜு. காலையில் போனில் சிரித்தான். "அக்கா, சுத்தம்னு உன் சீட்டு வந்தாத்தான் உள்ள கால வைப்பேன். நான் போயிட்டா உன் கோங்கூரா பச்சடியக் குறை சொல்ல ஆளு வேணாமா?"

முந்தைய குப்பியின் மிச்சம் குழாயில் எங்கோ சூடு குறைந்த இடத்தில் ஒட்டியிருக்கும் என்று தன்னையே தேற்றிக்கொண்டு குழாயின் சூட்டை ஏற்றினாள், ஊசியை மாற்றினாள், புது வாயு உருளையைத் திறந்தாள். பட்டப்பகலிலும் திரை போட்ட அந்த அறையில் ஏசியின் ஒரே முனகலும் சூட்டுப்பெட்டியின் டிக்டிக்கும் கேட்டுக்கொண்டே இருக்க, எங்கிருந்தோ அந்தக் கரைப்பானுக்கே உரிய கெட்ட மீன் வாடை கசிந்து அவள் புடவைத் தலைப்பில் ஏறியது. மறுபடி ஒரு காலிக் குப்பியை ஓட்டினாள். மேடு உயர்ந்திருந்தது. இன்னொன்று. இன்னும் உயரம்.

போன் அடித்தது. மேலாளர் அப்பலநாயுடு.

"ஏம்மா ரத்னம், மெஷினுக்குப் பொட்டு வச்சுத் தேங்கா உடைக்கிறியா? எவ்வளவு நேரம்?"

"காலிக் குப்பியிலயே வருது சார். இத வச்சு ஒண்ணும் சொல்ல முடியாது."

"விடு. கழுவுன தண்ணியப் பக்கத்துக் கட்டடத்து மெஷின்ல ஓட்டியாச்சு. சுத்தம். உன் தம்பியும் பெல்ட் மாட்டிட்டான்."

"எத்தன டிகிரில சார்?"

"எண்பது. நீ எழுதிவச்ச முறைதானேம்மா? அக்கா முறைன்னு சொன்னதும் பையன் தலையாட்டிட்டான்."

சொல்லிவிட வேண்டும். எண்பது பொய். ஆனால் சொன்னால் சின்னாராவைப் பற்றிக் கேட்பார்கள். வேலை போகும். ஜெயில்.

"சார்... அது வந்து..."

"என்ன?"

"கொஞ்சம் பொறுங்க சார்..."

"போம்மா!" போனை வைத்துவிட்டார்.

தட்டில் இன்னும் சுடவைக்காத காலிக் குப்பிகள் வரிசையாக இருந்தன. முதல் குப்பியின் கண்ணாடி உள்பக்கம் மங்கியது. தெளிந்தது. மங்கியது. தொட்டாள். சில்லென்று இருந்தது. மூடி இறுக்கமாகத்தான் இருந்தது. உள்ளே யாரோ மெதுவாக மூச்சுவிட்டார்கள்.

நாயுடுவைப் போனில் கூப்பிட்டாள். மணி அடித்தது. அடித்தது. எடுத்தார்.

"எண்பது தப்பு சார்! அவன இறக்காதீங்க! சின்னாராவக் கொன்னதும் நான்தான் சார்!"

போனில் தூரத்துக் கூச்சல் கேட்டது. "கயித்த இழு! இழுடா! பைடீ!"

அவள் தட்டைப் பார்த்தாள்.

இரண்டாவது குப்பி மங்கியது. வேகமாக. தெளிந்தது. மங்கியது. திணறித் திணறி. பிறகு வேகம் தணிந்தது. முதல் குப்பியோடு சேர்ந்து, அதே நிதானத்தில் மூச்சுவிடத் தொடங்கியது.